ஒரே அளவு வாய்

கடையில் இருந்தவர்கள்:

நான்.

என் தம்பி.

அம்பத்தூர் எஸ்டேட்டில் என்னோடு ஒரே கம்பெனியில் வேலை செய்யும் வெல்டர்.

கடைக்காரர். பூந்தமல்லிக்காரர். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள்.

வேறு யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம். வெளியே மெட்ரோ வேலை நடந்துகொண்டிருந்தது. கேரம் போர்டு, பேட்டு, பந்து எல்லாவற்றின் மேலும் சிமெண்ட் தூசி.

நான் கிரைண்டிங் மெஷினில் நிற்பவன். எட்டாவதோடு சரி. தம்பி என்னைவிட நான்கு வயது சின்னவன். பன்னிரண்டாவது முடித்தவன். மத்திய போலீஸ் படைக்குப் பரீட்சை எழுதி, பாஸ் செய்து, ஓட்டமும் ஓடி முடித்துவிட்டான். பாக்கி இருந்தது மெடிக்கல் ஒன்றுதான். அது ஆவடி கேம்பில் நடக்கும் என்று சொல்லியிருந்தார்கள். அதில் தேறினால் சீருடை. தேறாவிட்டால் ஒன்றும் இல்லை. அந்த வருஷத்தோடு அவனுக்கு வயது முடிகிறது. மறுபடி எழுத முடியாது.

சண்டை கற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைத்தது நான்தான். ஸ்டேஷனிலிருந்து எஸ்டேட்டுக்குப் போகிற குறுக்குப் பாதையில் ஒரு நாள் காலையில் இரண்டு பேர் என் போனைப் பிடுங்கினார்கள். ஒருவன் கன்னத்தில் அறைந்தான். போன் போனதை மறந்துவிட்டேன். அறைந்துவிட்டு அவன் சிரித்ததை மறக்கவில்லை.

குமணன்சாவடியில் எம்எம்ஏ சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று வெல்டர் சொன்னான். குத்து, உதை, மல்லுக்கட்டு எல்லாம் சேர்ந்தது. அவனும் வருகிறேன் என்றான். நான் தம்பியையும் இழுத்தேன்.

"எனக்கு எதுக்குணா?" என்றான் தம்பி.

"ட்ரெய்னிங்ல போட்டு அடிப்பான். இங்கயே வாங்கிப் பழகிக்கோ."

வந்தான். நான் கூப்பிட்டால் வருவான்.

அங்கே சொல்லிக்கொடுக்கிற மாஸ்டர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். கிளவுஸ். கையில் சுற்றும் துணி. முழங்காலுக்குக் கீழே கட்டும் கார்டு. இடுப்புக்குக் கீழே கிரிக்கெட்காரர்கள் போடும் கார்டு. பல்லுக்கு மவுத் கார்டு. வேறு எதுவும் இப்போது வேண்டாம், யார் சொன்னாலும் வாங்காதே என்றும் எழுதியிருந்தார்.

பாய் ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தார்.

"இது பதினாறு அவுன்ஸ். பிராக்டிஸுக்கு. இது மெலிசு. வெரலு வெளிய வரும். மேட்ச்ல போடுறது. புச்சா கத்துக்கிறவன் குண்டா கீறதத்தான் எடுக்கணும்."

வெல்டர் குண்டாக இருந்ததை மாட்டிப் பார்த்தான். "இன்னா பாய், இத மாட்டிகினு அடிச்சா தலகாணி சண்ட மாதிரி கீது."

"தலகாணிதான் நைனா வேணும். நாளைக்கு வேலைக்குப் போவணுமா, வேணாவா?"

"போன்ல பாக்குற சண்டைல எல்லாம் இந்த மெலிசுதான் போடுறான்."

"அவனுக்கு அடிபட்டா துட்டு தருவாங்க. உனக்கு யாரு தருவா?"

வெல்டர் மெலிசையே எடுத்தான். நானும் எடுத்தேன். இரண்டு ஜோடி.

அடுத்து இடுப்புக் கார்டு. பாய் வைத்தது உள்ளே தகடு வைத்தது. வெல்டர் விரலால் தட்டிப் பார்த்தான். டங் என்றது.

"மச்சான், இத போட்டுகினு ரெண்டு டேக் வெல்டு அடிச்சுட்டா கயலவே கயலாது."

"அடிச்சிக்கோ," என்றார் பாய். "உன் தெரு பொழச்சிக்கும்."

தம்பி சிரித்தான். நானும் சிரித்தேன். அதுவும் இரண்டு.

மவுத் கார்டு பெட்டியைத் திறந்து பாய் மூன்று எடுத்து வைத்தார்.

"ரெண்டு போதும்," என்றேன்.

"மூணு பேர் கீறீங்க?"

"சண்டை போடுறது ரெண்டு பேர்தானே. மூணாவது ஆளு சும்மாதான் நிப்பான்."

எங்கள் கம்பெனியில் அப்படித்தான். கண்ணுக்குப் போடும் கண்ணாடி மெஷினில் தொங்கும். ஆளுக்கு ஒன்று கிடையாது. காலை ஷிஃப்டுக்காரன் கழற்றி மாட்டுவான், மதியம் வருகிறவன் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொள்வான். வெல்டரின் முகமூடியும் அப்படித்தான். கையுறையும் அப்படித்தான். பத்து வருஷமாக அடுத்தவன் வேர்வைக்குள் கையை விட்டிருக்கிறேன். சாமான் என்றால் மெஷினுக்குக் கணக்கு, ஆளுக்கு இல்லை. எனக்கு வேறு மாதிரி யோசிக்க வரவில்லை.

தம்பி பாக்கெட்டைத் திருப்பி அதில் இருந்ததைப் படித்தான். எங்கள் மூன்று பேரில் இங்கிலீஷ் தெரிந்தவன் அவன்தான்.

"ணா, ஒருத்தருக்கு ஒண்ணுன்னு போட்டுகீது. சுடுதண்ணில போட்டு கடிக்கணுமாம். கடிச்சவன் பல்லு அச்சு அதுல வுழுந்துடுமாம். இன்னொருத்தர் போடக் கூடாதாம்."

"அது வெள்ளக்காரனுக்கு எழுதுனது," என்றான் வெல்டர். "அவன் பொண்டாட்டி தட்டுலயே கை வெக்க மாட்டான்."

"மாஸ்டர் சீட்டுல ஆளுக்கு ஒண்ணுன்னு..." என்று இழுத்தான் தம்பி.

நான் தம்பியைப் பார்த்தேன். "நீயும் நானும் ஒரே வயித்துல பொறந்தவங்கதானே? ஒரே அளவு வாய்தான். என்னுதப் போட்டுக்கோ."

"வயிறு வேற, வாயி வேற நைனா," என்றார் பாய்.

நான் இரண்டை மட்டும் என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவர் மூன்றாவதை எடுத்து மறுபடி பெட்டியில் வைத்தார்.

காசு கொடுத்தது நானும் வெல்டரும். தம்பிக்கு வருமானம் இல்லை. அதனால் அவன் அதற்குமேல் பேசவில்லை. பேசியிருந்தாலும் நான் வாங்கியிருக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒரு பாத்திரம் கேட்டேன். தண்ணீர் கொதித்தது. நீல ரப்பரை உள்ளே போட்டேன்.

"இன்னாடா அது, கொயந்த கடிக்கிற ரப்பராட்டம்?" என்றாள் அம்மா.

"பல்லு உடையாம இருக்கறதுக்கு."

"பல்லு உடையற எடத்துக்கு எதுக்குப் போறீங்க?"

தம்பி போனில் நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். எத்தனை நொடி கொதிக்க வேண்டும், எத்தனை நொடி குளிர்ந்த தண்ணீரில் முக்க வேண்டும், எல்லாம் அவன்தான் படித்துச் சொன்னான். கரண்டியால் எடுத்தேன். ரப்பர் மெத்தென்று ஆகிவிட்டிருந்தது.

"ணா," என்றான். "நான் கடிக்கட்டா? எனக்கு மெடிக்கல் கீது. உனக்கு ஒண்ணும் இல்ல."

கேட்டது சரிதான். மெஷினில் நிற்பவனுக்கு யாரும் வாயைத் திறந்து பார்ப்பதில்லை.

நான் கடித்தேன்.

மேல் பல்லில் சூடு ஏறியது. உறிஞ்சு என்றான், உறிஞ்சினேன். விரலால் உதட்டை அழுத்து என்றான், அழுத்தினேன். எடுத்துப் பார்த்தபோது என் பல் வரிசை அப்படியே உள்ளே பதிந்திருந்தது. நன்றாக வந்திருந்தது. தம்பி சொன்னபடி செய்ததால் நன்றாக வந்தது.

அவன் கழுவி வாயில் போட்டுப் பார்த்தான். அவனுக்கு மேல் முன்பல் கொஞ்சம் தூக்கல். எங்கள் அப்பாவுக்கு இருந்த மாதிரி. ரப்பர் பல்மேல் ஏறி நின்றது. உள்ளே உட்காரவில்லை.

"நிக்கலணா."

"கடிச்சுப் புடி. நிக்கும்."

குமணன்சாவடியில் பிளைவுட் கடைக்கு மேல் மாடி. கீழே பலகை அறுக்கும் சத்தம், மேலே நாங்கள். தரை முழுக்க மேட். மாஸ்டருக்கு இரண்டு காதும் நசுங்கி முட்டைகோஸ் மாதிரி இருக்கும். அதிகம் பேச மாட்டார்.

வாரநாளில் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை காலை சண்டை. மூன்று நிமிஷம். இரண்டு பேரில் யார் முதலில் சண்டையை விட்டு நிற்கிறானோ, அவன் மேட்டைத் துடைக்க வேண்டும். பினாயில் போட்டு, கடைசி மூலைவரை. அதுதான் அங்கே வழக்கம். அடி வாங்குவதைவிட அந்த மாப்புக் குச்சியைத் தொடுவதற்குத்தான் எல்லோரும் பயந்தார்கள்.

முதல் ஞாயிறு மாஸ்டர் எல்லோரையும் ஈ என்று காட்டச் சொன்னார். வெல்டர் கறுப்பு ரப்பரைக் காட்டினான். நான் நீலத்தைக் காட்டினேன். தம்பி வெறும் பல்லைக் காட்டினான்.

"உன்னுது?"

"அண்ணனுதப் போட்டுக்குவேன் மாஸ்டர்."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். "எச்ச வாய மாத்திக்கிறீங்களா? அடுத்த வாரம் வாங்கிகினு வந்துடு."

சரி என்றேன்.

அந்த மாதச் சம்பளத்தில் நான் ஷூ வாங்கினேன். அடுத்த மாதம் தம்பி ஒரு முறை கேட்டான். பார்க்கலாம் என்றேன். அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை. மாஸ்டரும் மறந்துவிட்டார்.

இப்போதும் கம்பெனியில் புதிதாகச் சேருகிற ஆட்கள் என்னிடம் கேட்பார்கள், சண்டை பழகணும், என்ன வாங்கலாம் என்று. எல்லாம் சொல்வேன். கிளவுஸ் குண்டாக எடு. துணி நீளமாக எடு, மணிக்கட்டில் மூன்று சுற்று வர வேண்டும். கால் கார்டு நழுவாமல் நிற்கிறதா என்று கடையிலேயே குதித்துப் பார். மவுத் கார்டைப் பற்றிக் கேட்டால், உன்னுதை நீ வாங்கு என்று மட்டும் சொல்வேன். ஏன் என்று கேட்பார்கள். சொல்ல மாட்டேன்.

தம்பி நன்றாகக் கற்றுக்கொண்டான். ஓடுகிற உடம்பு. இரண்டு மாதத்தில் வெல்டரைக் காலை வாரிப் போட ஆரம்பித்தான். அவனும் வெல்டரும் மோதும்போது என் ரப்பரைப் போட்டுக்கொள்வான். பல்லைக் கடித்து, மூக்கால் மூச்சு விட்டுச் சமாளித்தான். நான் வெல்டரோடு மோதும்போது அவன் ஓரமாக உட்கார்ந்திருப்பான். அண்ணன் தம்பியை மாஸ்டர் சேர்த்து விட்டதில்லை.

அவனும் நானும் மோதினால் என்ன செய்வது என்று கடையில் நான் யோசிக்கவில்லை.

மெடிக்கலுக்குத் தேதி வந்தது. எட்டு நாள் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா அவனைப் போகாதே என்றாள். அவனுக்கும் மனமில்லை. நான் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு வாசலில் நின்றேன். வந்து ஏறினான்.

மாடிக்குப் போனதும் சொன்னான். "மாஸ்டர், இன்னிக்கு நான் தொங்குற பையை மட்டும் அடிக்கிறேன். எட்டு நாள்ல மெடிக்கல்."

மாஸ்டர் தலையாட்டினார். வெல்டர் விடவில்லை.

"ஆபீசருக்கு மூஞ்சி கசங்கிடும்பா. போட்டோ எடுக்கணும்ல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தம்பி கையில் துணி சுற்றிக்கொண்டிருந்தான்.

"கேம்புல போய் பையத்தான் அடிப்பியா?" என்றேன். "அங்க மனுசன்தான் திருப்பி அடிப்பான். பயமா கீதுன்னா சொல்லு, ஊட்டுக்குப் போயிடலாம்."

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"பயம் இல்லணா."

"அப்ப வா."

வெல்டர் தன் சண்டையை முடித்துவிட்டு வேர்வையோடு நின்றான். மாஸ்டர் எங்கள் இருவரையும் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். "மூணு நிமிஷம். மெதுவா," என்றார்.

என் ரப்பர் என் வாயில் இருந்தது. தம்பி என் வாயைப் பார்த்தான். கேட்கவில்லை. பார்த்தான். கழற்றிக் கொடுத்திருக்கலாம். எனக்கு வெல்டருடையது போதும். நான் கழற்றவில்லை.

வெல்டர் தன் வாயிலிருந்து எடுத்து, பாட்டில் தண்ணீரில் அலசி, அவனிடம் நீட்டினான். வெல்டருக்கு மாட்டு வாய். தம்பி போட்டான். வாய்க்குள் அது ஆடியது வெளியிலிருந்தே தெரிந்தது.

முதல் நிமிஷத்தில் அவன் என்னை மூன்று முறை தொட்டான். தொட்டான் என்றுதான் சொல்ல வேண்டும். வலிக்காமல் அடித்தான். நான் அவனை ஒரு முறைகூடத் தொடவில்லை. இரண்டாவது நிமிஷத்தில் என் காலைப் பிடித்துத் தூக்கி மல்லாக்கப் போட்டான். தலை அடிபடாமல் பின்னால் கை வைத்துத்தான் போட்டான்.

"மாமே!" என்று கத்தினான் வெல்டர். "உன் தம்பி உன்ன தோச மாதிரி திருப்பிப் போட்டுட்டான்டா!"

எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். அறைந்துவிட்டுச் சிரித்தவனின் முகம் எனக்கு நினைவு வந்தது.

எழுந்தேன். அவன் மூச்சு வாங்க வாயைத் திறந்தான். கறுப்பு ரப்பர் நழுவி மேட்டில் விழுந்தது.

ரப்பர் விழுந்தால் இரண்டு பேரும் நிற்க வேண்டும். முதல் நாளே மாஸ்டர் சொல்லிக்கொடுத்தது. தம்பி நின்றான். ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, ரப்பரை எடுக்கக் குனிந்தான். மாஸ்டர் அந்த நேரம் மாடிப்படியில் யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பியிருந்தார்.

நான் ரப்பரைப் பார்த்தேன். என் காலருகில் கிடந்தது. அவன் கை தூக்கியதையும் பார்த்தேன்.

கீழிருந்து மேலே குத்தினேன். மெலிசு கிளவுஸ். பல் கையில் தட்டுப்பட்டது.

கவனிக்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். மாஸ்டரிடம் சொன்னேன். அம்மாவிடம் சொன்னேன். கவனித்துத்தான் அடித்தேன்.

அவன் கத்தவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து வாயைக் கையால் மூடிக்கொண்டான். விரல் இடுக்கில் ரத்தம் வந்தது. இரண்டு பல் மேட்டில் கிடந்தன. மூன்றாவது தொங்கியது.

கீழே பலகை அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

"மொதல்ல நின்னது அவன்தான்," என்றான் வெல்டர். சிரிக்கவைக்கச் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. அவனும் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

தம்பி எழுந்தான். மூலைக்குப் போய்க் குச்சியை எடுத்தான். ஒரு கையில் துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, இன்னொரு கையால் துடைத்தான். மாஸ்டர், விடு, விடுறா என்று இரண்டு முறை சொன்னார். அவன் விடவில்லை. தன் ரத்தத்தைத் துடைத்தான். பிறகு நான் விழுந்த இடத்தையும் துடைத்தான்.

நான் கிளவுஸைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

வெல்டர் பல்லிரண்டையும் பொறுக்கி ஒரு காகிதத்தில் மடித்துப் பாக்கெட்டில் வைத்தான். பல் டாக்டர் காகிதத்தைப் பிரித்துப் பார்த்தார். பாலில் போட்டு உடனே கொண்டுவந்திருந்தால் வைத்துப் பார்த்திருக்கலாம், காய்ந்துவிட்டது என்றார். எங்களுக்கு அது தெரியாது. தொங்கிய மூன்றாவதை அவரே எடுத்தார்.

நான்கு நாளில் ரோஸ் கலர் தகட்டில் மூன்று பல் வைத்துக் கொடுத்தார்கள். மாட்டிக்கொண்டால் வித்தியாசம் தெரியவில்லை. நான் அதையே சொன்னேன்.

"தெரியவே இல்லடா. யாரு கண்டுபுடிப்பான்?"

அவன் கண்ணாடியில் பார்த்துவிட்டுத் தகட்டைக் கழற்றி டம்ளர் தண்ணீரில் போட்டான். என்னிடம் பேசவில்லை. அம்மா மட்டும் பேசினாள். கஞ்சி குடிக்கிறியா என்று அவனிடம் கேட்டாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

மெடிக்கல் அன்று ரயிலில் ஆவடி போனோம். நான் கூட வர வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. கேம்ப் வாசலில் என்னைப் போல் நிறையப் பேர் நின்றார்கள். ஒருவர் மகனுக்குப் பாதம் தட்டையாம். இன்னொருவர் பையனுக்குக் காலில் நரம்பு சுருண்டிருக்கிறதாம். அவர் என்னிடம் கேட்டார்.

"உங்காளுக்கு இன்னா?"

"ஒண்ணும் இல்ல," என்றேன்.

நாலு மணிக்கு வந்தான். கையில் கர்ச்சீப். அதற்குள் தகடு.

"இன்னாடா?"

"கயட்டச் சொன்னாரு."

"அப்புறம்?"

"கட்டுன பல்லு கணக்குல வராதாம்."

"அப்பீல் போடலாம்ல?"

"போடலாமாம். பல்லு மொளச்சா வான்னாரு."

பல் இல்லாமல் பேசினால் அவனுக்குக் காற்று வரும். அவன் பேசியதை நான் அவன் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். ஸ்டேஷன் வரை நடந்தோம். பிளாட்பாரத்தில் நின்றபோது அவனாகவே மீதியைச் சொன்னான். மேல் வரிசையில் முன்பல் ஆறு இருக்குமாம். அதில் குறைந்தது நான்கு சொந்தப் பல்லாக இருக்க வேண்டுமாம். நான்கு இருந்தால் எடுத்துக்கொள்வார்களாம். டாக்டர் சின்னக் கம்பி ஒன்றால் ஒவ்வொரு பல்லாகத் தட்டி எண்ணினாராம். பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தவர், எத்தனை சார் என்று கேட்டாராம்.

மூன்று.